வைனில் சைடிங் வீட்டில் ஜன்னலைச் சுற்றி மோல்டிங்: சைடிங்கின் மேலா, சுவரின் மேலா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் 1990-களின் நடுவில் கட்டிய மரச்சட்ட வீடு. வெளிச்சுவர் முழுவதும் வைனில் சைடிங், அதாவது சுவரின் மேல் வரிசையாக மாட்டும் பிளாஸ்டிக் பட்டைகள். ஜன்னல்களைச் சுற்றி எதுவுமே இல்லாததால் முகப்பு மொட்டையாகத் தெரிகிறது. ஐந்து ஜன்னல்களுக்கும் முன்கதவுக்கும் 4 அங்குல அகலத்தில் வெள்ளை மோல்டிங், அதாவது சுற்றிவரும் அலங்காரப் பலகைச் சட்டம், வைக்க விரும்புகிறீர்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர், சைடிங்கின் மேலேயே பலகையை வைத்து ஆணி அடித்து ஓரங்களில் சிலிக்கோன் பூசினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். மற்றவர், சைடிங்கைக் கழற்றித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி மூன்று மடங்கு கூலி கேட்கிறார். முதலாமவர் சொல்வதில் தவறு இருக்கிறதா என்பதே உங்கள் கேள்வி.

தவறு இருக்கிறது. அவர் சொல்கிறபடி செய்தால் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும். அதனால்தான் அந்த முறை இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. என்ன கெடும் என்பது புரிய வேண்டுமென்றால் வைனில் சைடிங் சுவரில் எப்படி நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

செங்கல் சுவர், அதன் மேல் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் வண்ணம் என்று எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே உடலாக நிற்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, சைடிங்கும் சுவரின் தோல் போன்றதுதான் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அது ஆணியில் மாட்டிய சட்டை. 16 அங்குல இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்கள், அவற்றின் மேல் ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை) அல்லது பிளைவுட் பலகை, அதன் மேல் ஹவுஸ் ராப் என்னும் நீர் காக்கும் விரிப்பு ஆகியவைதான் உங்கள் சுவர். சைடிங் இவற்றின் முன்னால் தொங்குகிறது. ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பிலும் நீள்வடிவத் துளைகள் வரிசையாக இருக்கும். ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, தலைக்கும் பட்டைக்கும் இடையே ஏறத்தாழ 1/32 அங்குலம் இடம் விட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். பன்னிரண்டரை அடி நீளமுள்ள ஒரு பட்டை, குளிர்காலத்துக்கும் கோடை வெயிலுக்கும் இடையில் அரை அங்குலமும் அதற்குச் சற்று மேலும் நீண்டு சுருங்குகிறது. துளைகள் நீளமாக இருப்பதும், பட்டையின் இரு முனைகளிலும் கால் அங்குல இடைவெளி விடுவதும், குளிர் நாளில் வேலை செய்தால் அந்த இடைவெளியை 3/8 அங்குலமாகக் கூட்டுவதும் இந்த நீட்சிக்காகத்தான்.

இப்படித் தொங்கும் பட்டைகளின் மேல் ஒரு பலகையை வைத்து மூன்று அங்குலத் திருகாணியை இறுக்கினால், ஜன்னலின் இரு பக்கமும் உள்ள பட்டைகள் எல்லாம் அந்த இடத்தில் அசையாமல் பிடிபட்டுப் போகின்றன. நீளும் பட்டைக்குப் போக வழி இல்லாவிட்டால் அது முன்னோக்கிப் புடைக்கும். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு நவம்பர் மாதத்தில், இரண்டு மாடிகளுக்கும் நடுவே அலங்காரப் பட்டையாக ஒரு நீண்ட பலகையைச் சைடிங்கின் மேலேயே அடித்துவிட்டு வந்தேன். அடுத்த ஜூலையில் வீட்டுக்காரர் அழைத்தார். போய்ப் பார்த்தால் மேற்குச் சுவர் எண்ணெயில் போட்ட அப்பளம் போல அலையலையாக எழும்பியிருந்தது. பலகையைக் கழற்றிய பிறகும் சில பட்டைகள் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. மாற்றுப் பட்டைகளை என் செலவில் வாங்கிப் போட்டேன். இருபது ஆண்டு வெயிலில் வெளுத்த நிறத்துக்குப் புதிய பட்டை பொருந்தாது என்ற இரண்டாவது பாடமும் அன்று கிடைத்தது.

இரண்டாவது சிக்கல் சைடிங்கின் முகத்தில் இருக்கிறது. அது சமதளம் அன்று. நான்கு அங்குலத்துக்கு ஒரு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் அரை அங்குலத்துக்கு மேல் முன்தள்ளியிருக்கும். அதன் மேல் நேரான பலகையை வைத்தால் மடிப்புகளின் நுனியை மட்டுமே அது தொடும். ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு பொந்து உண்டாகும். அந்தப் பொந்துகளைச் சிலிக்கோனால் அடைப்பார்கள். ஆனால் ஒரு பக்கம் அசையாத பலகை, மறுபக்கம் நாள்தோறும் நகரும் வைனில் என்றிருக்கும்போது எந்தப் பசையும் இரண்டு மூன்று குளிர்காலங்களுக்கு மேல் தாங்குவதை நான் பார்த்ததில்லை. பசை விட்டுப்போன இடத்தில் குளவிகள் கூடு கட்டுவது ஒரு தொல்லை. மழைநீர் உள்ளே போவது அதைவிடப் பெரிய தொல்லை.

நீரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வைனில் சைடிங் நீரை முழுமையாகத் தடுக்காது. தடுக்க வேண்டும் என்று அதைச் செய்யவும் இல்லை. காற்றோடு வரும் மழையில் ஒரு பகுதி அதன் பின்னால் போகத்தான் செய்யும். போன நீர் ஹவுஸ் ராப்பின் மேல் வழிந்து, பட்டைகளின் அடி விளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறிவிடும். எனவே வீட்டைக் காப்பது சைடிங் அன்று, அதன் பின்னால் இருக்கும் ஹவுஸ் ராப்பும் ஜன்னலைச் சுற்றி நீரை வெளியே திருப்பிவிடும் ஃப்ளாஷிங் என்னும் தகடும் டேப்பும்தான். மேலே வைத்த பலகையின் தலைப்பகுதியில் நீர் தேங்கினால், அது ஒவ்வொரு திருகாணித் துளை வழியாகவும் சைடிங்கைத் தாண்டி ஓ.எஸ்.பி.க்குள் மெல்ல இறங்கும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, ஜன்னலின் கீழ் மூலையில் உள்சுவரில் ஒரு பழுப்புக் கறை தோன்றும்போதுதான் உள்ளே பலகை மக்கிக்கொண்டிருப்பது தெரியவரும்.

ஆகவே இந்த வேலைக்கு ஒரே விதிதான்: மோல்டிங் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், சைடிங் அதன் ஓரத்தில் வந்து, அதைத் தொடாமல், ஒரு காடிக்குள் தன் விருப்பம் போல அசைய வேண்டும். இரண்டாமவர் கேட்கும் கூடுதல் கூலி இதற்காகத்தான்.

சைடிங்கின் மேலேயே பொருத்தத்தக்க பொருள்கள் சிலவும் உண்டு. அலங்காரத்துக்கு வைக்கும் ஜன்னல் கதவுகள், வீட்டு எண் பலகை, முகட்டுச் சுவரில் மாட்டும் சிறு அலங்காரம் ஆகியவற்றுக்காகச் சைடிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. சைடிங்கில் மட்டும் திருகாணியைவிடக் கால் அங்குலமாவது பெரிய துளை போட்டு, திருகாணி பின்னால் உள்ள மரத்தைப் பிடிக்குமாறு செய்து, பட்டை நசுங்காத அளவோடு இறுக்கத்தை நிறுத்திவிட வேண்டும். நான்கைந்து இடங்களில் மட்டும் பிடித்திருக்கும் இலேசான பொருளுக்கு இது போதும். ஜன்னலைச் சுற்றி முழுச்சட்டமாக வரும் மோல்டிங்குக்குப் போதாது.

எந்தப் பொருளில் செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதை முடிவு செய்யாமல் அளவெடுக்க முடியாது. பைன் மரம் மலிவு. ஆறு பக்கங்களிலும் பிரைமர் பூசி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வண்ணம் பூசி வந்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் வைனில் சைடிங் வீட்டை வாங்கியவர் பெரும்பாலும் வண்ணம் பூசும் வேலை வேண்டாம் என்பதற்காகவே வாங்கியிருப்பார். சிமெண்டு நார்ப் பலகை உறுதியானது. ஆனால் கனமானது, வெட்டும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கேடு. பாலியூரிதேன் நுரையில் வார்த்த வேலைப்பாடுள்ள மோல்டிங்குகள் கதவின் தலைக்கு மேல் வைக்க அழகானவை. உங்கள் தேவைக்கு நான் சொல்வது செல்லுலார் பி.வி.சி. பலகை, கடைகளில் ஏசெக், வெர்சாடெக்ஸ் போன்ற பெயர்களில் கிடைப்பது. அது மக்காது, கரையான் தின்னாது, மரத்தைப் போலவே அறுக்கவும் துளைக்கவும் இடம் கொடுக்கும். இதைவிடக் குறைந்த செலவில் வேண்டுமென்றால் வைனில் லீனியல் என்று ஒன்று இருக்கிறது: சைடிங் செருகும் காடி தன்னுடனேயே சேர்ந்து வரும் உள்ளீடற்ற சட்டம். தூரத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். அருகில் போய் விரலால் தட்டினால் பிளாஸ்டிக் டப்பா போல ஒலிக்கும். பின்பக்கச் சுவருக்குப் போதும். முன்வாசலுக்கு நான் வைக்க மாட்டேன்.

பலகையின் கனத்தில்தான் முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஒன்றுக்கு நான்கு என்று கேட்டு வாங்கும் பலகையின் உண்மையான அளவு 3/4 அங்குலக் கனமும் மூன்றரை அங்குல அகலமும்தான். சைடிங்கின் முனையை ஏற்கும் ஜே சேனலும் ஏறக்குறைய 3/4 அங்குல ஆழம் கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மோல்டிங்கும் சேனலும் ஒரே மட்டத்தில் நின்று, மோல்டிங் சைடிங்குக்குள் அமிழ்ந்தது போலத் தெரியும். இத்தனை பாடுபட்டும் முகப்பு பழையபடி தட்டையாகவே இருக்கும். அதனால் ஐந்தின் கீழ் நான்கு (5/4) என்று சொல்லப்படும், உண்மையில் முழு ஒரு அங்குலக் கனமுள்ள பலகையை வாங்குங்கள். சைடிங்கின் பின்னால் நுரை ஒட்டிய வகையாக இருந்தால் அதுவும் போதாது. பலகையின் அடியில் அரை அங்குலப் பட்டி கொடுத்து உயர்த்த வேண்டும். 4 அங்குலம் தெரிய வேண்டும் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், ஆறு அங்குலப் பெயரில் விற்கும் ஐந்தரை அங்குலப் பலகையை நீளவாக்கில் அறுத்துக்கொள்ள வேண்டும். என் கண்ணுக்கு உங்கள் ஜன்னல் அளவுக்கு மூன்றரையே போதும்.

வேலை சைடிங்கைக் கழற்றுவதில் தொடங்குகிறது. அதற்கு ஜிப் டூல் என்று கைப்பிடியோடு கூடிய ஒரு கொக்கி விற்கிறது. விலை மிகக் குறைவு. ஜன்னலின் தலைக்கு மேலே உள்ள ஒரு பட்டையின் அடி விளிம்பில் அதைச் செருகிக் கீழே இழுத்தபடி பக்கவாட்டில் ஓட்டினால், அந்தப் பட்டை தனக்குக் கீழுள்ள பட்டையின் பூட்டிலிருந்து விடுபடும். மேல் பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்ப் பட்டையின் ஆணிகளைத் தட்டைக் கடப்பாரையால் மெல்ல நெம்பி எடுக்கலாம். இப்படியே மேலிருந்து கீழாக, ஜன்னலின் அடிச்சட்டத்துக்குக் கீழே ஒரு வரிசை வரை கழற்றுங்கள். ஒவ்வொரு பட்டையின் பின்னாலும் எந்தச் சுவர், எத்தனையாவது வரிசை, ஜன்னலின் எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்கள். இதில் சோம்பல் பட்டால் மாலையில் முப்பது துண்டுகளோடு புல்தரையில் உட்கார்ந்து புதிர் போட வேண்டியிருக்கும். உங்கள் பட்டைகளுக்கு முப்பது வயதாகிறது. குளிரில் அவை கண்ணாடி போல உடையும். மே அல்லது செப்டம்பரில், வெயில் சுவரில் பட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகு கைவையுங்கள். ஒன்றிரண்டு உடைந்தே தீரும். அவற்றுக்கு ஈடாகக் கடையில் புதியது வாங்காமல், வீட்டின் பின்புறத்தில் யார் கண்ணிலும் படாத இடத்திலிருந்து அதே வயதுப் பட்டைகளை எடுத்து முன்னால் போட்டு, புதியதைப் பின்னால் போடுங்கள், நிறம் பொருந்தும்.

சைடிங் போனதும் சுவர் திறந்து கிடக்கும். இருபது முப்பது ஆண்டுகளில் ஒரு முறைதான் இந்தக் காட்சி கிடைக்கும் என்பதால் அவசரப்படாதீர்கள். ஜன்னலின் கீழ் இரு மூலைகளிலும் ஓ.எஸ்.பி.யைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கருத்திருந்தாலோ திருப்புளி உள்ளே இறங்கினாலோ, அந்தப் பகுதியை வெட்டி மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஹவுஸ் ராப்பில் கிழிசல் இருந்தால் அதற்கென்று உள்ள டேப்பால் ஒட்டுங்கள். 1990-களில் கட்டிய பல வீடுகளில் ஜன்னலைச் சுற்றி ஃப்ளாஷிங் டேப் இருக்காது. ஜன்னலின் ஆணிப் பட்டையை (சுவரில் ஆணி அடிப்பதற்காகச் சட்டத்தைச் சுற்றி நீட்டியிருக்கும் விளிம்பை) ஹவுஸ் ராப்பின் மேல் வைத்து அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியிருந்தால் இப்போதே ஒட்டிவிடலாம். முதலில் இரு பக்கங்களிலும் ஒட்டி, பிறகு தலையில், பக்க டேப்புகளின் மேல் ஏறுமாறு ஒட்ட வேண்டும். அடிப்பட்டையை மட்டும் ஒட்டாதீர்கள். ஏதாவது வழியில் உள்ளே வந்த நீர் வெளியேற அது ஒன்றுதான் வாசல்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஓலைக்கூரை வேய்வதையோ நாட்டு ஓடு அடுக்குவதையோ பார்த்தவருக்கு இது தெரிந்த சங்கதி: கீழிருந்து தொடங்கி, மேலே வருவது கீழே உள்ளதன் மேல் படிந்துகொண்டே போக வேண்டும். இந்த வேலையில் எந்த இடத்தில் ஐயம் வந்தாலும், இங்கே ஒரு துளி நீர் மேலிருந்து வழிந்தால் எதன் முன்னால் போகும், எதன் பின்னால் போகும் என்று கேட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது சட்டம். நான்கு பலகைகளையும் சுவரில் ஒவ்வொன்றாக அடிப்பதைவிட, கீழே மேசையில் வைத்துச் சட்டமாகச் சேர்த்துவிட்டு மொத்தமாகத் தூக்கி வைப்பது எளிது, மூட்டுகளும் விலகாது. பி.வி.சி.க்கென்று உள்ள பசையைத் தடவி, பின்பக்கத்தில் சாய்ந்த துளைகள் வழியே திருகாணி போட்டால் மூட்டு ஒரே துண்டு போல ஆகிவிடும். இந்தப் பலகையும் வெப்பத்தில் நீளக்கூடியதுதான்: 5 அடி நீளம், வெப்பநிலை 80 பாரன்ஹீட் பாகை மாறும்போது 1/8 அங்குலத்துக்குச் சற்று மேல் நீள்கிறது. மூட்டு பசையால் ஒட்டியிருந்து, பலகை நெடுகத் திருகாணிகள் மரத்தைப் பிடித்திருந்தால் அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிவிடும். தலைப்பலகை பக்கப் பலகைகளின் மேல் அமரட்டும். பக்கப் பலகைகள் அடிப்பலகையின் மேல் நிற்கட்டும். மூலைகளை 45 பாகையில் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது படச்சட்டத்துக்குச் சரி. வெளிச்சுவரில் அந்தச் சாய்வு மூட்டு திறந்தால் நேராக நீர் இறங்கும். அடிப்பலகையின் மேல்முகம் வெளிநோக்கிச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். அது முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு சிறு காடி வெட்டுங்கள். நம் ஊர் ஜன்னல்களின் சன்ஷேடு அடியில் கொத்தனார் நூல் பிடித்து இழுக்கும் அதே நீர்வடிக் காடிதான். வழியும் நீர் சுவரை நோக்கித் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும்.

ஜன்னலின் ஆணிப் பட்டையும் ஆணித் தலைகளும் சுவரிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால், பலகை தட்டையாக அமராமல் ஆடும். பலகையின் பின்புற உள்ஓரத்தில் கால் அங்குல ஆழத்துக்குச் செதுக்கிவிட்டால் சரியாகிவிடும். அப்படிச் செதுக்கியே விற்கும் பலகையும் கிடைக்கிறது. சில வைனில் ஜன்னல்களில் சைடிங்குக்கான காடி சட்டத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதில் பலகையின் ஓரத்தைச் செருக முடிகிறதா, அல்லது அதற்கு வெளியே பலகை நிற்க வேண்டுமா என்பதை ஒரு சிறு துண்டை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜன்னல் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே 1/8 அங்குலம் விட்டு, பாலியூரிதேன் வகைக் கால்க் என்னும் இடைவெளி அடைக்கும் பசையால் நிரப்புங்கள். சிலிக்கோன் வேண்டாம், அதன் மேல் வண்ணம் ஒட்டாது. ஜன்னலின் அடிச்சட்டத்தில் நீர் வெளியேறும் சிறு வாய்கள் இருக்கும். அவற்றைக் கால்க்கால் அடைத்துவிட்டு ஜன்னல் ஒழுகுகிறது என்று என்னை அழைத்தவர்கள் உண்டு.

ஜன்னலின் இரு பக்கங்களிலும் மரச்சட்டங்கள் இரட்டையாக நிற்கும். தலைக்கு மேலே உத்தரம் போல ஹெடர் இருக்கும். எனவே திருகாணி மரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு அங்குலக் கனமுள்ள பலகைக்கு 3 அங்குலத் திருகாணி போட்டால் ஒன்றரை அங்குலமாவது கட்டை மரத்தில் இறங்கும். அதுதான் வேண்டிய அளவு. 16 அங்குலத்துக்கு ஒரு சோடி, முனைகளிலிருந்து 2 அங்குலத்துக்குள் ஒரு சோடி போதும். துருப்பிடிக்காத எஃகு சிறந்தது. தலையை மறைக்க, அதே பி.வி.சி.யில் செய்த மூடிகளோடு திருகாணிகள் விற்கின்றன. தட்டி இறக்கினால் எங்கே ஆணி இருக்கிறது என்றே தெரியாது.

இப்போது தலை ஃப்ளாஷிங். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பலகையின் மேல்முகத்தில் விழும் நீரை முன்னால் தள்ளுவதற்கு, இசட் வடிவில் மடித்த அலுமினியத் தகடு ஒன்று வேண்டும். அதன் மேல் மடிப்பு சுவரில் 2 அங்குலத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். நடுப்பகுதி வெளிநோக்கிச் சரிய வேண்டும். முன் மடிப்பு பலகையின் முகத்தைத் தாண்டிச் சிறிது கீழிறங்க வேண்டும். இரு முனைகளும் பலகையைவிடச் சற்று நீண்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் தகட்டைச் சரியாகவே மடிக்கிறார்கள். அதை ஹவுஸ் ராப்பின் மேல் வைத்து அடித்துவிட்டு மேல் ஓரத்தில் கால்க் பூசுகிறார்கள். அப்படிச் செய்தால் விரிப்பின் மேல் வழிந்து வரும் நீர் முழுவதும் அந்தக் கால்க்கை நம்பியே இருக்கும். செய்ய வேண்டியது, பலகைக்குச் சற்று மேலே ஹவுஸ் ராப்பைக் கிடைமட்டமாகக் கீறி, தகட்டின் மேல் மடிப்பை அந்தக் கீறலுக்குள் செருகி, விரிப்பைத் தகட்டின் மேல் படியவிட்டு, கீறலை டேப்பால் ஒட்டுவது. ஐந்து நிமிட வேலை. தகட்டின் முன் மடிப்புக்குக் கீழே எந்தக் காரணம் கொண்டும் கால்க் பூசாதீர்கள்.

பிறகு ஜே சேனல். மோல்டிங்கின் வெளி ஓரத்தை ஒட்டி, முதலில் அடியிலும், அடுத்துப் பக்கங்களிலும், கடைசியில் தலையிலும் பொருத்துங்கள். தலைச் சேனலின் இரு முனைகளிலும் அடிப்பகுதியை நாக்குப் போல வெட்டி, கீழே மடித்துப் பக்கச் சேனல்களுக்குள் விட வேண்டும். தலையில் சேரும் நீர் அந்த நாக்கின் வழியே பக்கச் சேனலுக்குள் இறங்கும். பக்கச் சேனலிலிருந்து அது எங்கே போகும் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கீழ் மூலையில், கையகல ஃப்ளாஷிங் துண்டு ஒன்றைச் சேனலுக்குப் பின்னால் வைத்து, அதன் அடி விளிம்பைக் கீழ்ப் பட்டையின் ஆணி வரிசைக்கு முன்னால் தொங்கவிடுங்கள். நீர் சுவரின் பக்கம் போகாமல் பட்டையின் முன்னால் வந்துவிடும்.

கழற்றிய பட்டைகளை இனித் திருப்பி மாட்டலாம். மோல்டிங் வந்துவிட்டதால் ஒவ்வொன்றும் முன்பைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். ஆகவே புதிய பட்டை பெரும்பாலும் தேவைப்படாது. சேனலின் உட்சுவரிலிருந்து கால் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். பல் நெருக்கமான பிளைவுட் அலகை வட்ட ரம்பத்தில் பின்னோக்கி மாட்டி, மெதுவாகத் தள்ளினால் ஓரம் சிதறாது; கண்ணுக்குப் பாதுகாப்பு அணிந்துகொள்ளுங்கள். ஜன்னலின் அடியில் வரும் பட்டையை வாய் போல வெட்டும்போது அதன் மேல் பூட்டு போய்விடும். அங்கே சேனலுக்குள் அண்டர்சில் டிரிம் என்னும் துண்டை வைத்து, ஸ்னாப் லாக் பஞ்ச் கருவியால் பட்டையின் வெட்டிய விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஒன்றாகப் புடைப்புகள் எழுப்பிச் செருகினால் அது கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு பட்டையையும் ஆணி அடித்த பின் இரு கைகளாலும் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் ஆணி இறுகியிருக்கிறது, தளர்த்துங்கள்.

செல்லுலார் பி.வி.சி.க்கு வண்ணம் கட்டாயம் இல்லை. ஆனால் அறுத்த ஓரங்கள் நுண்துளைகளில் அழுக்கை வாங்கிக்கொள்ளும் என்பதால் ஒரு முறை அக்ரிலிக் வண்ணம் பூசுவது நல்லது. வெள்ளையிலிருந்து மனம் மாறி அடர்நிறத்துக்குப் போவதாக இருந்தால், ஒளி மீள்திறன் எண் (நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு) 55-க்குக் குறைந்த சாதாரண வண்ணங்களைத் தவிருங்கள். அவை வெயிலை வாங்கிப் பலகையை வளைத்துவிடும். அத்தகைய நிறங்களுக்கென வைனிலுக்கு ஏற்ற கலவைகள் தனியே விற்கின்றன.

முன்கதவு வேலையும் இதே முறைதான்; பக்கப் பலகைகளின் அடி முனையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிறுத்துவது மட்டும் கூடுதல். வீட்டின் மூலைப்பட்டைகளையும் இதோடு மாற்றலாமா என்ற எண்ணம் நடுவில் வரும். அதற்கு இரண்டு சுவர்களின் சைடிங்கையும் அடி முதல் முடி வரை கழற்ற வேண்டும். இப்போது அதில் இறங்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத ஒன்றையும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1978-க்கு முன் கட்டிய வீடாக இருந்து, பிற்காலத்தில் வைனில் போர்த்தியிருந்தால், அடியில் ஈயம் கலந்த பழைய வண்ணமோ கல்நார் சிமெண்டு ஓடுகளோ இருக்கலாம். அவற்றைப் பரிசோதிக்காமல் அறுக்கவோ துளைக்கவோ கூடாது. வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பாக இருந்தால் முகப்பை மாற்றும் முன் அதன் அனுமதியும் வேண்டும்.

ஆக, இரண்டாமவருக்கே வேலையைக் கொடுங்கள் என்பதா என் பதில்? கழற்றுவேன் என்று சொல்வதால் மட்டும் ஒருவர் சரியாகச் செய்வார் என்று கொள்ள முடியாது. தலைத் தகட்டை ஹவுஸ் ராப்பின் முன்னால் வைப்பீர்களா பின்னால் வைப்பீர்களா என்று கேளுங்கள். எந்தக் கனத்தில் பலகை, என்ன உலோகத்தில் திருகாணி, உள்ளே மக்கிய பலகை தென்பட்டால் அதற்குக் கூலி எப்படி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் கேள்விக்கே தடுமாறுபவரிடம் மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை. கைவேலையில் பழக்கம் உள்ளவர் என்று நீங்கள் எழுதியிருப்பதால், நீங்களே செய்வதும் இயலாத காரியம் அன்று. கீழ்த்தளத்தில், கொல்லைப்பக்கம் பார்த்த சிறிய ஜன்னல் ஒன்றை முதலில் எடுங்கள். அதற்கு ஒரு முழுநாளும் உதவிக்கு இன்னொரு ஆளும் ஒதுக்குங்கள். இரண்டாவது ஜன்னல் அரைநாளில் முடிந்துவிடும்.

முதல் ஜன்னல் முடிந்ததும், கால்க் நன்றாகக் காய்ந்த பின், தோட்டக் குழாயை எடுத்து முதலில் ஜன்னலின் அடியிலும் பிறகு பக்கங்களிலும் கடைசியில் தலைக்கு மேலும் பத்துப் பத்து நிமிடம் மழை போலத் தெளியுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம். தலைச் சேனலுக்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்து நீர் முன்பக்கமாகச் சொட்ட வேண்டும். உள்ளே ஒருவரை நிறுத்தி ஜன்னலின் மேல் ஓரத்தையும் கீழ் மூலைகளையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஈரம் படாவிட்டால் அடுத்த ஜன்னலுக்கு ஏணியை நகர்த்தலாம்.